விளக்கை எழுதுகிறவள்

சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையை ஒவ்வோர் ஆண்டும் வகுப்பில் நடத்துகிறேன். மாதவி ஆடத் தொடங்குவதற்கு முன் இளங்கோ ஒரு மேடையைக் கட்டி முடித்துவிடுகிறார். மூங்கிலை வெட்டி அளவுகோல் செய்கிறார்கள். 24 பெருவிரல் அளவு சேர்ந்தது ஒரு கோல். அரங்கின் அகலம் 7 கோல், நீளம் 8 கோல், உயரம் 1 கோல். மேலே போட்ட உத்தரத்துக்கும் தளத்துக்கும் இடையே 4 கோல். புக ஒரு வாயில், புறப்பட ஒரு வாயில். மூன்று வகைத் திரைகள். பிறகு விளக்கு. தூண்களின் நிழல் ஆடுமிடத்திலும் அவையிலும் விழாதபடி பார்த்து விளக்குகளை நிறுத்துகிறார்கள்.

அதே காதையில் ஆடலாசிரியனுக்கு என்னென்ன தெரிந்திருக்க வேண்டும் என்று விரிவாக வருகிறது. இசையாசிரியன், பாட்டெழுதும் புலவன், தண்ணுமைக்காரன், குழலோன், யாழோன் என்று ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகத் தகுதி வகுக்கப்பட்டிருக்கிறது. விளக்கை நிறுத்தியவருக்கு அப்படி எதுவும் இல்லை. வேலை சொல்லப்பட்டிருக்கிறது, செய்தவர் சொல்லப்படவில்லை. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் மூன்றாவது பெஞ்சிலிருந்து ஒரு மாணவி எழுந்து, “அந்த வெளக்க எடுத்து வச்சது யாரு மேடம்?” என்று கேட்டாள். உரையிலும் அதற்குப் பதில் இல்லை என்றேன். உட்கார்ந்துவிட்டாள்.

இன்று அவள் வளைகுடா நகரம் ஒன்றில், ஆயிரம் பேருக்கு மேல் உட்காரும் அரங்கில் நடக்கும் ஒரு நடன நாடகத்துக்கு ஒளி புரோகிராம் செய்கிறாள். எங்கள் கல்லூரியில் பி.ஏ. தமிழ் முடித்தாள். புதுவைப் பல்கலைக்கழகத்தின் சங்கரதாஸ் சுவாமிகள் நிகழ்கலைப் பள்ளியில் நாடகம் படித்தாள். சென்னையில் மேடை விளக்குகளை வாடகைக்கு விடும் இடங்களில் கேபிள் சுருட்டினாள். பிறகு விமானம் ஏறினாள். தன்னைப் பற்றி எழுதிக்கொள்ளலாம் என்றாள், பெயர் மட்டும் வேண்டாம் என்றாள். போன ஆடியில், குற்றாலத்தில் சாரல் விழுந்துகொண்டிருந்த வாரத்தில், விடுப்பில் தென்காசிக்கு வந்தவள் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு என் வீட்டுக்கு வந்தாள். அவள் என்ன வேலை செய்கிறாள் என்பது அன்றைக்குத்தான் எனக்கு முழுதாகப் புரிந்தது.

பெரிய மேடைகளில் ஒளிக்கு இரண்டு வேலைகள் உண்டு. காட்சிக்கு எந்த மாதிரி வெளிச்சம் வேண்டும் என்று முடிவு செய்கிறவர் ஒளி வடிவமைப்பாளர். அவர் சொல்வதைக் கன்சோல் என்னும் கணினிப் பலகையில் எண்களாக எழுதி வைப்பவர் புரோகிராமர். எந்த விளக்கு, எந்த நிறம், எவ்வளவு பிரகாசம், எத்தனை நொடியில் எரிய வேண்டும், எத்தனை நொடியில் அவிய வேண்டும் என்று ஒவ்வொன்றையும் எழுத வேண்டும். நாடகம் நடக்கும்போது மேடை மேலாளர் எண்ணைச் சொல்லி ‘கோ’ என்பார். பொத்தானை அழுத்தினால் எழுதி வைத்தது அப்படியே நடக்கும். நூறாவது நாளும் முதல் நாள் போலவே நடக்கும்.

அந்த எழுத்துக்கும் ஓர் இலக்கணம் இருக்கிறது. 1986இல் அமெரிக்காவின் நாடகத் தொழில்நுட்ப அமைப்பு ஒன்று வகுத்துக் கொடுத்த டி.எம்.எக்ஸ். 512 என்ற முறை இன்றும் உலகமெங்கும் புழங்குகிறது. ஒரு கம்பிவடத்தில் 512 முகவரிகள் உண்டு. ஒவ்வொரு முகவரியிலும் 0 முதல் 255 வரை ஏதாவது ஓர் எண் இருக்கும். எங்கள் ஊர் நாடக மேடையில் தொங்கும் சாதாரண ஸ்பாட் லைட்டுக்கு ஒரு முகவரி போதும்: 0 என்றால் இருட்டு, 255 என்றால் முழு வெளிச்சம். தலையைத் திருப்பி, நிமிர்ந்து, குனிந்து, நிறம் மாறும் விளக்குகளுக்கு இருபது, முப்பது முகவரிகள் வேண்டும். திரும்புவதற்குச் சில, நிமிர்வதற்குச் சில, நிறத்துக்குச் சில. 512 முகவரிகள் அடங்கிய ஒரு தொகுப்புக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் யுனிவர்ஸ். “எங்க ஷோவுல பல பிரபஞ்சம் ஓடுது மேடம்” என்றாள்.

ஒளியின் ஒவ்வொரு நிலைக்கும் கியூ என்று பெயர். கியூ 12இல் நீல விளக்கு ஒன்றை ஏற்றினால், கியூ 13இல் அதைப் பற்றி எதுவும் எழுதாவிட்டாலும் அது எரிந்துகொண்டே இருக்கும். கியூ 20இல் ‘அணை’ என்று எழுதும்வரை எரியும். இதை டிராக்கிங் என்கிறார்கள். இதை விளக்கிக்கொண்டிருந்தவள் சட்டென்று நிறுத்தி, “நன்னூல்ல சூத்திர நிலை நடத்துவீங்கள்லா மேடம், ஆற்றொழுக்குன்னு? அதேதான் இது” என்றாள். முந்திய சூத்திரத்தின் பொருள் ஆற்று நீர் போல அடுத்த சூத்திரத்துக்குள் ஓடி வருவது ஆற்றொழுக்கு. இடையில் சிலவற்றைத் தாண்டி அப்பால் போய் இயைவது தவளைப் பாய்த்து. இருபது ஆண்டுகளாக இந்தச் சொற்களைப் பரீட்சைக்கான இரண்டு மதிப்பெண் கேள்வியாகவே பார்த்துவந்திருக்கும் பிள்ளைகளுக்கு நடுவில் ஒருத்தி அதை எடுத்துக்கொண்டு கடல் தாண்டிப் போயிருக்கிறாள்.

ஒளியை எழுதும் வேலை பெரும்பாலும் இரவில் நடக்கிறது. பகலில் மேடை நடனக்காரர்களுக்கு. அவர்கள் போன பிறகு, பத்து மணிக்கு மேல், காலி அரங்கின் நடுவே மேசை போட்டு உட்கார்ந்து எழுதுகிறார்கள். நடனக்காரர் நிற்க வேண்டிய இடத்தில் வேறொருவர் வந்து நிற்பார். அவர் முகத்தைப் பார்த்து வடிவமைப்பாளர் கூட்டு, குறை என்று சொல்லிக்கொண்டே போவார். இவள் எண்ணைப் போட்டுக்கொண்டே போவாள். அந்த ஒத்திகைக் காலத்தில் அப்படி நின்றவர் வெளுத்த நிறமுள்ள ஓர் ஐரோப்பியர்.

மறுநாள் அந்த இடத்துக்கு மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து வந்திருந்த நடனக்காரி ஒருத்தி வந்து நின்றாள். அந்தக் காட்சி அவளுடையது. விளக்கு வந்தது. உடை தெரிந்தது, கண்ணின் வெள்ளை தெரிந்தது. முகம் தெரியவில்லை. எதிரிலிருந்து வரும் வெளிச்சத்தைக் கூட்டச் சொன்னார் வடிவமைப்பாளர். கூட்டினார்கள். பக்கத்தில் நின்ற வெள்ளைக்காரர்கள் சுண்ணாம்பு அடித்தது போல ஆனார்கள், அவள் சாம்பல் பூத்துப்போனாள். நேரமாகிக்கொண்டிருந்தது. “பரவாயில்லை, அவளை உடலசைவாக மட்டும் பார்க்கலாம், நிழலுருவமும் அழகுதானே” என்று யாரோ சொன்னார்கள்.

“எனக்கு அது கேட்டுக் கேட்டுப் பழகுன வார்த்த மேடம்” என்றாள். “காலேஜ் டேன்ஸ்ல என்னையக் கடைசி வரிசைல நிக்க வச்சுட்டு, நீ நல்லா ஆடுதியே, அது போதும்னு சொன்னாங்கள்லா, அதே வார்த்த.”

அன்றிரவு எல்லோரும் போன பிறகு அவள் அந்தக் காட்சியை மறுபடி எழுதியிருக்கிறாள். எதிர் வெளிச்சத்தைக் கூட்டவில்லை, குறைத்தாள். மேடையின் பக்கவாட்டிலிருந்து முக உயரத்தில் வரும் இரண்டு விளக்குகளை எடுத்தாள். பின்புறமிருந்து தோளில் விழும்படி ஒன்றை வைத்தாள். கறுத்த தோல் வெளிச்சத்தைப் பளபளப்பாகத் திருப்பித் தருகிறது. அது எந்தக் கோணத்தில் திரும்பி வருகிறது என்பதுதான் கணக்கு. இதை எங்கே படித்தாய் என்று கேட்டேன்.

“கோயில்ல கருங்கல்லு அம்மனப் பாத்ததில்லையா மேடம்? எண்ணெக் காப்பு சாத்தியிருக்கும். நேரா டார்ச் அடிச்சா ஒண்ணும் தெரியாது, வெறும் மினுமினுப்பு. பக்கத்துல ஒத்த வெளக்கு எரிஞ்சா மூக்கு, கன்னம், உதடு எல்லாம் தெரியும். ஆயிரம் வருசமா நம்ம ஆட்களுக்குத் தெரிஞ்ச விஷயந்தான.”

கியூ 41க்கும் 42க்கும் நடுவில் 41.5 என்று ஒரு கியூவைச் சேர்த்தாள். முழு எண்கள் ஏற்கெனவே எழுதப்பட்டுவிட்டால் இப்படித்தான் சேர்க்க வேண்டுமாம். தமிழ்த்துறைக்காரர்களுக்கு இதற்கு ஒரு சொல் உண்டு: இடைச்செருகல். ஏடெழுதியவர் மூலத்தில் தன் வரியைச் செருகிவிட்டார் என்று பதிப்பாசிரியர்கள் கோபத்தோடு எழுதும் சொல். ஏடெழுதியவர் எதற்காகச் செருகினார் என்று நாங்கள் அதிகம் கேட்பதில்லை. மறுநாள் ஒத்திகையில் அவள் வடிவமைப்பாளரிடம் முதலில் சொல்லிவிட்டு 41.5ஐ ஓட்டிக் காட்டினாள். அவர் இரண்டு தடவை பார்த்தார். வைத்துக்கொள்ளச் சொன்னார். அந்த நடனக்காரி எதுவும் சொல்லவில்லை. அன்று மாலை கன்சோல் மேசைக்கு வந்து சற்று நேரம் நின்றுவிட்டுப் போனாளாம். கியூக்களுக்குப் பெயர் வைக்கலாம். பட்டியல் முழுவதும் ஆங்கிலம். 41.5க்கு எதிரே ஆங்கில எழுத்தில் ஒரு தமிழ்ச் சொல் இருந்தது: முகம்.

நிறத்துக்கும் கருவிக்கும் உள்ள உறவு இந்த மேடையோடு நிற்பதில்லை. கோடாக் நிறுவனம் பல ஆண்டுகளாகப் புகைப்படக் கூடங்களுக்கு ஒரு மாதிரிப் படத்தை அனுப்பி வந்தது. ஷெர்லி அட்டை என்று அதற்குப் பெயர். அதில் ஒரு வெள்ளைக்காரப் பெண் இருப்பாள். அவளுடைய தோல் சரியாக வந்தால் படம் சரியாக வந்துவிட்டது என்று பொருள். மற்றவர்களுடைய முகம் இருண்டு போனால் அது அவர்களுடைய தோலின் குறையாகத் தெரிந்ததே தவிர அட்டையின் குறையாகத் தெரியவில்லை. நம் ஊரிலும் கல்யாண வீட்டு வீடியோ விளக்கு, ஆண்டுவிழா மேடை விளக்கு இரண்டும் இதே கணக்கில்தான் அடிக்கின்றன. விளக்கை மாற்றுவதற்குப் பதிலாகப் பெண்ணின் முகத்தில் இரண்டு சுற்றுப் பவுடரை ஏற்றிவிடுகிறோம். கழுத்து ஒரு நிறம், முகம் ஒரு நிறம். விளக்கு வைத்தவரிடம் யாரும் எதுவும் கேட்பதில்லை.

ஒளியை எழுதி வைக்கும் இந்த வழக்கத்தை மேடைக்குக் கொண்டுவந்ததில் பெண்களின் பங்கு பெரிது. அதை நான் தாமதமாகத்தான் தெரிந்துகொண்டேன். 1892இல் பாரிஸில் லோயி புல்லர் என்ற அமெரிக்க நடனக்காரி நீண்ட பட்டுத் துணிகளைச் சுழற்றி, அவற்றின் மீது வண்ண மின்விளக்குகளை விழச்செய்து ஆடினார். மின்சாரம் மேடைக்குப் புதிதாக வந்திருந்த காலம். விளக்கு ஏற்பாடுகளைத் தானே திட்டமிட்டார், மேடை அமைப்புகளுக்குக் காப்புரிமையும் பெற்றார். இருட்டில் தானே ஒளிரும் உடை செய்ய ரேடியம் கிடைக்குமா என்று கியூரி தம்பதியரிடம் கேட்டவர் அவர். அவருக்குப் பிறகு ஜீன் ரோசன்தால். 1930களில் நாடகத்துக்குள் வந்தபோது ஒளியமைப்பு ஒரு தனித் தொழிலாகவே கருதப்படவில்லை. காட்சி அமைப்பாளரோ மின்பணியாளரோ சேர்த்துப் பார்த்துக்கொள்ளும் வேலையாக இருந்தது. எந்த விளக்கு எங்கே, எப்போது என்று வரைபடமாகவும் பட்டியலாகவும் ஒழுங்காக எழுதி வைக்கும் பழக்கத்தை நிலைநாட்டியவர்களில் அவர் முக்கியமானவர். மார்த்தா கிரகாமின் நடனங்களுக்குப் பல ஆண்டுகள் ஒளியமைத்தார். 1969இல் இறந்தார்.

கணினி வந்தது 1975இல். நியூயார்க்கில் ‘எ கோரஸ் லைன்’ என்ற இசை நாடகம். மைக்கேல் பென்னட் இயக்கினார், ஒளி தாரன் மஸ்ஸர். அதுவரை பிராட்வே அரங்குகளில் பியானோ போர்டு என்று சொல்லப்பட்ட பெரிய பெட்டிகளில் வரிசையாகக் கைப்பிடிகள் இருக்கும். பல பேர் நின்று, கையால் ஏற்றி இறக்க வேண்டும். கை தளர்ந்தால் வெளிச்சமும் தளரும். மஸ்ஸர் அந்த நாடகம் ஷுபர்ட் அரங்குக்குப் போனபோது நினைவாற்றல் உள்ள ஒரு கணினிக் கன்சோலைப் பயன்படுத்தினார். பிராட்வேயில் அது முதல் முறை. நாடகம் 1990 வரை ஓடியது, 6,137 காட்சிகள். அந்த நாடகத்தின் கதையும் இதற்குப் பொருத்தமானது. பெரிய நட்சத்திரங்களுக்குப் பின்னால் வரிசையாக நின்று ஆடும், பெயர் தெரியாத நடனக்காரர்கள் வேலைக்காகத் தேர்வுக்கு வருகிறார்கள். ஒவ்வொருவரும் முன்னால் வந்து தன் வாழ்க்கையைச் சொல்கிறார்கள். கடைசி வரிசைக்காரருக்கும் ஒரு வெளிச்சம் என்ற கதைக்காகத்தான் அந்த இயந்திரம் முதலில் வேலை செய்திருக்கிறது. மஸ்ஸருக்கு அந்த ஒளியமைப்புக்காக டோனி விருது கிடைத்தது.

இந்தப் பெயர்களை எல்லாம் அவள்தான் எனக்குச் சொன்னாள். இந்திய மேடை ஒளி என்றால் தபஸ் சென் பெயர் வரும். 1959இல் கல்கத்தாவில் உத்பல் தத்தின் ‘அங்கார்’ நாடகத்தில் சுரங்கத்துக்குள் வெள்ளம் ஏறுவதை வெறும் ஒளியாலேயே காட்டியவர். தமிழில் ஆர்.எஸ். மனோகரின் தந்திரக் காட்சிகளைப் பற்றி எங்கள் வீட்டுப் பெரியவர்கள் இன்றும் பேசுவார்கள். எல்லாம் ஆண்கள். சினிமாவில் விளக்குத் தூக்குகிறவருக்கு லைட்மேன் என்று பெயர். அந்தச் சொல்லுக்கு நம்மிடம் பெண்பால் கிடையாது.

அப்படியென்றால் நம் பெண்களுக்கும் விளக்குக்கும் தொடர்பே இல்லையா? இருக்கிறது. வேண்டிய அளவுக்கு மேலேயே இருக்கிறது. விளக்கேற்றும் மருமகள், குத்துவிளக்கு ஏற்றும் தலைமை விருந்தினரின் மனைவி, ஆரத்தி எடுக்கும் நாத்தனார். அதற்கும் முன்னால் கோயில்களில் தேவதாசிகளின் கடமைகளில் ஒன்று கும்ப ஆரத்தி: குடத்தின் மேல் விளக்கை வைத்துச் சாமிக்குக் கண்ணேறு கழிப்பது. அவர்களை வைத்து நடந்த சுரண்டலை ஒழிக்க முத்துலட்சுமி ரெட்டி போராடினார். 1947இல் சென்னை மாகாணத்தில் சட்டம் வந்தது. வர வேண்டிய சட்டம்தான். ஆனால் கருவறைக்கு எதிரே முறையாக விளக்கைக் கையில் பிடித்து நின்ற பெண்ணும் அதோடு இல்லாமல் போனாள், அவள் இடத்துக்கு வேறொரு பெண் வரவில்லை.

குற்றாலத்துச் சித்திரசபையில் நடராசர் செப்புத் திருமேனியாக இல்லை, ஓவியமாக இருக்கிறார். ஐந்து சபைகளில் இது ஒன்றுதான் ஓவிய சபை. மார்கழித் திருவாதிரையில் தாண்டவ தீபாராதனை நடக்கும். தீபம் அசையும்போது சுவரில் இருக்கும் கால் தூக்கியது போலவும் இறங்கியது போலவும் தோன்றும். ஓவியம் ஆடாது, ஆட்டி வைப்பது தீபம் பிடித்த கைதான். அந்தக் கை ஆணுடையது. பெண்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டு நிற்கிறோம்.

என் சிறுவயதில் தென்காசித் தெருக்களில் சாமி ஊர்வலம் வரும்போது இரண்டு ஓரத்திலும் பெண்கள் தலையில் காஸ் விளக்குச் சுமந்து நடந்து வருவார்கள். உஸ்ஸென்ற சத்தத்தோடு எரியும் பெட்ரோமாக்ஸ். சாமி தெரியும், நாதஸ்வரக்காரர் தெரிவார், தெருவில் நிற்கும் எங்கள் பட்டுப் பாவாடை தெரியும். சுமந்து வந்தவர்களின் முகம் தெரியாது. அந்த விளக்கில் எண்ணெய்த் தொட்டி அடியில் இருக்கும், அதன் நிழல் நேரே கீழேதான் விழும். விளக்குக்கு அடியில் இருட்டு என்று நாம் பழமொழி சொல்கிறோம். அந்த இருட்டில் ஒரு பெண் நடந்துகொண்டிருந்தாள். இரவு முழுக்க நடந்தவளுக்குக் கூலி கிடைத்தது. விளக்கை எங்கே திருப்புவது என்று அவளிடம் யாரும் கேட்டதில்லை.

ஏற்றுவது, எடுப்பது, சுமப்பது இம்மூன்றும் பெண்களுக்கு அனுமதிக்கப்பட்டவை. எதன்மேல் எவ்வளவு வெளிச்சம் விழ வேண்டும் என்று முடிவு செய்வது வேறு வேலை. என் மாணவி செய்வது அந்த வேலை. அதனால்தான் அவள் வீட்டில் அதற்குச் சரியான பெயர் அமையவில்லை.

அவளுடைய அம்மா பீடி சுற்றி அவளைப் படிக்க வைத்தவர். அந்த விடுப்பில் ஒருநாள் என்னைத் தேடி வந்தார். “ராத்திரி பூரா லைட்டுக்குப் பக்கத்துல உக்காந்து பாக்குத வேலன்னு மாப்பிள்ள வீட்டுல எப்பிடி டீச்சர் சொல்லுதது? கம்ப்யூட்டர் வேலைன்னு சொல்லி வச்சிருக்கேன். ஒரு பி.எட். முடிச்சுட்டு இங்கனயே இருன்னு நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க. நீங்க சொன்னா கேப்பா.” கம்ப்யூட்டர் வேலை என்பது பொய் இல்லை. உண்மையும் முழுதாக இல்லை. ஐ.டி. கம்பெனியில் இரவுப் பணி பார்க்கும் பெண்ணுக்கு இப்போது கல்யாணச் சந்தையில் மதிப்பு இருக்கிறது. அதே இரவில் அரங்கத்தில் இருப்பவளுக்கு இல்லை. நாடகம் என்ற சொல்லின் மேல் நூறு ஆண்டுகளாகப் படிந்திருக்கும் கறை அது. மேடையில் ஏறாமல் மேடைக்கு எதிரே உட்கார்ந்திருப்பவள் மீதும் அது தெறிக்கிறது.

அந்த அம்மாவின் பயத்தை நான் சிறிதாக நினைக்கவில்லை. மகள் தனியாக இருக்கிறாள், ஒப்பந்தம் ஆண்டுக்கு ஒரு முறை புதுப்பிக்கப்படுவது, நாடகம் நின்றால் வேலையும் நிற்கும். இவை எல்லாம் உண்மை. ஆனால் பி.எட். படி என்று அவளிடம் சொல்ல என்னால் முடியாது என்றேன். அவளுக்குத் தெரிந்ததை நான் உங்களுக்கு விளக்குகிறேன் என்று மடிக்கணினியில் அவள் விட்டுச்சென்றிருந்த ஒத்திகைக் காணொளியைப் போட்டேன். 41.5 வந்தது. அம்மா அந்தக் கறுத்த பெண்ணின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். “நல்ல லட்சணமா இருக்கா” என்றார். பிறகு, “இது எம் மவ செஞ்சதா?” என்று கேட்டார். ஆமாம் என்றேன். பி.எட். பற்றிய பேச்சை அன்று மறுபடி எடுக்கவில்லை. அதற்குமேல் எதுவும் தீரவில்லை. மாப்பிள்ளை வீட்டுக்கு இன்றும் அது கம்ப்யூட்டர் வேலைதான்.

அவள் ஊருக்குக் கிளம்புவதற்கு முந்தைய இரவு இருவரும் பேரருவிக்குப் போனோம். இரவு விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. பெண்கள் பக்கத்தில் நல்ல கூட்டம். குளித்துவிட்டுக் கரையேறியவள் தலையைத் துவட்டிக்கொண்டே அண்ணாந்து பார்த்தாள். தண்ணீரை எதிரிலிருந்து பார்க்கும் விளக்கு அதை வெள்ளைச் சுவராக்கிவிடும். பின்னாலிருந்தோ பக்கத்திலிருந்தோ விழுந்தால் ஒவ்வொரு துளியும் தனியாகத் தெரியும், மேடையில் மழையை அப்படித்தான் காட்டுவார்கள் என்றாள். “குளிக்கிறவங்க கண்ணு கூசாது. காலு வைக்கிற பாறை தெரியும். தூரத்துல நின்னு பாக்குதவனுக்கு ஆள் தெரியாது. மூணும் ஒரே வெளக்குல முடியும் மேடம். எங்க வைக்கணும்னு குளிக்கிறவங்கள்ல ஒருத்தி சொன்னாப் போதும்.” நான் நாற்பது ஆண்டுகளாக அந்த அருவியில் குளிக்கிறேன். விளக்கை ஒரு கேள்வியாகப் பார்த்தது அன்றுதான்.

அவள் ஒப்பந்தத்தை இன்னும் ஓராண்டுக்குப் புதுப்பித்துக்கொண்டு போய்விட்டாள்.

இந்த ஆண்டு எங்கள் கல்லூரி நாடகத்துக்குக் குற்றாலக் குறவஞ்சியிலிருந்து ஒரு பகுதியை எடுத்தோம். தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் நடுவே இருக்கும் மேலகரத்தில் பிறந்த திரிகூடராசப்பக் கவிராயர் எழுதியது. 1944இல் ருக்மிணி தேவி கலாஷேத்ராவில் இதை நாட்டிய நாடகமாக மேடையேற்றினார். எங்களுடையது அவ்வளவு பெரியது இல்லை: பத்து விளக்கு, ஒரு சிறிய டிம்மர் பலகை. வசந்தவல்லி குற்றாலநாதர் மேல் காதல் கொண்டு தூக்கமில்லாமல், சுடுகிறாயே என்று நிலாவைப் பழிக்கும் காட்சி. தமிழில் இதைவிட நேரான ஒளிக் குறிப்பு வேறென்ன வேண்டும்? குளிர்ச்சி தர வேண்டிய வெளிச்சம் சுடுகிறது என்று நாயகியே சொல்கிறாள். முல்லைக்கு மாலை, குறிஞ்சிக்கு யாமம், பாலைக்கு நண்பகல் என்று சிறுபொழுது வகுத்த மரபில் வந்தவர்கள் நாம். வெளிச்சம் இல்லாமல் நம் பாட்டில் உணர்ச்சி நடப்பதில்லை.

இரண்டாம் ஆண்டு மாணவிகள் மூன்று பேரைப் பலகைக்குப் போட்டேன். விளக்கு வாடகைக்குக் கொண்டுவந்த அண்ணாச்சி முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. “பொம்பளப் பிள்ளையளுக்கு ஷாக் அடிச்சா யாரு பதில் சொல்லுதது டீச்சர்?” ஆண்பிள்ளைக்கு அடித்தால் யார் பதில் சொல்வீர்கள் என்று ஒரு பிள்ளை கேட்டது. அவர் சிரித்துவிட்டார். அரைமணி நேரம் உட்கார்ந்து எர்த் பார்ப்பது எப்படி, சூடான விளக்கை எப்படிப் பிடிப்பது, பியூஸ் போனால் எதைத் தொடக்கூடாது என்று மூவருக்கும் கற்றுக்கொடுத்துவிட்டுத்தான் போனார். வசந்தவல்லியாக நடித்தவள் நல்ல கறுப்பு. ஒப்பனை செய்ய வந்த அக்கா பவுடர் டப்பாவைத் திறந்தபோது, விளக்குப் பிள்ளைகள் போய், வேண்டாம், நாங்கள் பக்கத்திலிருந்து போடுகிறோம் என்று சொல்லியிருக்கிறார்கள்.

அழைப்பிதழில் ‘ஒலி, ஒளி’ என்ற இடத்தில் வழக்கமாக வாடகைக் கடையின் பெயர் இருக்கும். இந்த முறை ஒலிக்குக் கடையின் பெயரும் ஒளிக்கு மூன்று மாணவிகளின் பெயரும் அச்சாகின. நாடகம் முடிந்த பிறகு அவர்களுடைய குறிப்பு நோட்டை வாங்கிப் பார்த்தேன். நாற்பது பக்க ரூல்டு நோட்டு. இடப்பக்கம் பாட்டின் சொல், வலப்பக்கம் விளக்கின் எண், நொடிக் கணக்கு. நிலாவைப் பழிக்கும் இடத்தில், ஏழாம் எண்ணுக்கு எதிரே, சிவப்பு மையில் இரண்டு முறை அடிக்கோடிட்டு எழுதியிருந்தார்கள்:

‘நிலா: கூட்டாதே. அவள் திட்டி முடிக்கட்டும்.’